அப்பாவுக்கு ‘பி’ வகை ரத்தம்: ஈசூன் வீடு ஒன்றில் நோரோவைரஸ்

புரட்டாசி சனிக்கிழமை. என் தம்பி மகளுக்கு முதல் பிறந்தநாள். சிங்கப்பூரில், ஈசூனில் தம்பி குடும்பமும் அப்பா அம்மாவும் சேர்ந்து இருக்கும் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில்தான் கொண்டாட்டம். விரத மாதம் என்பதால் சைவச் சமையல்: காய்கறிப் பிரியாணி, பனீர் குருமா, தயிர்ச் சாதம், பாயசம், முட்டை இல்லாத கேக். குடும்பத்தில் 12 பேர் கூடினோம். அடுத்த புதன்கிழமைக்குள் அந்த 12 பேரில் 10 பேருக்கு வாந்தியோ வயிற்றுப்போக்கோ இரண்டுமோ வந்துவிட்டது. இரண்டு பேர் மருத்துவமனையில் தங்க வேண்டியிருந்தது.

நான் தாதி. 20 ஆண்டுகளுக்கு மேலாக வார்டு வேலை. வேலையிடத்தில் இதுபோன்ற தொற்றுகளைப் பதிவு செய்து பழக்கம் என்பதால், என் வீட்டில் நடந்ததையும் அதே முறையில் எழுதிப் பார்த்தேன். யார் எப்போது என்ன சாப்பிட்டார், எங்கே உட்கார்ந்தார், எதைத் தொட்டார் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். எல்லாருடைய சம்மதத்தோடும்தான் எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம், உறவுமுறை போதும்.

எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் கிருமி இல்லை. வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோவைரஸ் வந்தால் பெரும்பாலான வீடுகளில் இரண்டு மூன்று நாளில் போய்விடும். எங்கள் வீட்டில் ரத்த வகை பற்றிய ஒரு பாதி உண்மை நடுவில் புகுந்துகொண்டது. அதை நம்பித்தான் 76 வயது அப்பாவை நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தோம்.

சனிக்கிழமை மாலை

சாப்பாடு 6 மணிக்கே தொடங்கிவிட்டது. அப்பாவுக்கு சர்க்கரை நோய், நேரத்தோடு சாப்பிட வேண்டும். அவரும் சம்பந்தி அம்மாவும் முதலில் சாப்பிட்டுவிட்டு, 7 மணிக்கு டாக்சி பிடித்து சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டார்கள். புரட்டாசி சனி என்றால் அங்கே கூட்டம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவர்கள் திரும்பும்போது மணி பத்தரை. சம்பந்தி அம்மா கீழேயே டாக்சியை நிறுத்திவைத்து அப்படியே தன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். பக்கத்து வீட்டு மக்சிக், அதாவது மலாய்க்கார அம்மா, 6.30க்கு வந்து, குழந்தையைக் கொஞ்சிவிட்டு, தனக்கும் வீட்டில் இருக்கும் மற்ற ஐந்து பேருக்கும் எங்கள் அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாட்டை எடுத்துப்போனார். இந்த நேரங்கள் முக்கியம். பிறகு வருகிறேன்.

7.40க்கு, கேக் வெட்டுவதற்கு முன், தம்பி மனைவியின் அண்ணன் மகன், நான்கு வயதுப் பையன், சோபா ஓரத்தில் நின்றபடி வாந்தி எடுத்தான். முன்னறிவிப்பே இல்லை. தரை, சோபாவின் கைப்பிடி, விரிப்பின் ஒரு மூலை என்று மூன்று இடத்தில் தெறித்தது. மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. முந்தின நாள் பாலர் பள்ளியிலும் ஒரு முறை வாந்தி எடுத்திருக்கிறான். வீட்டுக்கு வந்ததும் நன்றாக விளையாடியதால் அவன் அம்மா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

என் மகனுக்கு 15 வயது. அவன் பையனைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினான். என் கணவர் டிஷ்யூ பெட்டியை எடுத்து வெறும் கையால் வாந்தியை அள்ளினார். தரையைத் துடைக்கும் திரவம் ஊற்றித் துடைத்தார். அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, ஒரு பழைய துண்டை ஈரமாக்கி சோபாவைத் துடைத்தார். கணவர் குழாயில் கையை அலசிவிட்டு வந்து, “சரி, குழந்தை தூங்கிடும், கேக்க வெட்டிடலாம்” என்று தானே கேக்கைத் துண்டு போட்டு எல்லாருக்கும் கொடுத்தார்.

நான் அப்போது அங்கே இல்லை. பணி முடிந்து 9 மணிக்குத்தான் போனேன். சாப்பிட்டுவிட்டு வந்திருந்ததால் எதையும் தொடவில்லை.

நோய் இறங்கிய வரிசை

முதலில் அத்தை. ஞாயிறு இரவு 11 மணிக்கு, தோ பாயோவில் அவர் வீட்டில். வாந்தி நடந்ததிலிருந்து 27 மணி நேரம். திங்கள் விடியற்காலையில் தம்பி, அவன் மனைவி, அம்மா மூவருக்கும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தது. அந்த வீட்டில் இரண்டு கழிப்பறைகள்தான். காலை 8 மணிக்கு என் மகன், செம்பவாங்கில் எங்கள் வீட்டில். மதியத்துக்குள் பையனின் அம்மாவுக்கும், பிறந்தநாள் கொண்டாடிய குழந்தைக்கும். பையனோடு சேர்த்து மொத்தம் எட்டுப் பேர்.

யாருக்கும் மலத்தில் ரத்தம் இல்லை. காய்ச்சல் இருந்தவர்களுக்கும் 38 டிகிரியைத் தாண்டவில்லை. திடீரென்று பீறிட்டு வரும் வாந்தி, தண்ணீராகப் போக்கு, உடல் முழுக்க அடித்துப் போட்டது போன்ற வலி. ஒரு நாளில் இருந்து இரண்டு நாளுக்குள் தணிந்தது.

வீட்டில் முதல் பழி தயிர்ச் சாதத்தின் மேல் விழுந்தது. இந்த ஊரில் வயிறு கெட்டால் எல்லாரும் முதலில் சாப்பாட்டைத்தான் சந்தேகிப்போம், அதற்கு நியாயமும் உண்டு. 2009இல் கேலாங் சராய் தற்காலிகச் சந்தையில் இந்திய ரோஜாக் சாப்பிட்ட 150 பேருக்கு மேல் நோய்ப்பட்டு இருவர் இறந்ததை நாம் மறக்கவில்லை. அது விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்ற பாக்டீரியா, பச்சைக் கடலுணவிலிருந்து பரவியது. 2003 டிசம்பரிலும் 2004 ஜனவரியிலும் இறக்குமதியான சிப்பியைச் சாப்பிட்ட 300 பேருக்கு மேல் வயிற்றுப்போக்கு வந்தது. அது நோரோவைரஸ்.

ஆனால் எங்கள் தயிர்ச் சாதம் குற்றவாளி இல்லை என்பதற்கு மக்சிக் வீடுதான் சாட்சி. அதே பானையிலிருந்து போன சாப்பாட்டை அங்கே ஆறு பேர் சாப்பிட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அப்பாவும் சம்பந்தி அம்மாவும் அதையேதான் சாப்பிட்டார்கள், அவர்களுக்கும் அந்த முதல் அலையில் ஒன்றுமில்லை. நோய்ப்படாத இந்த எட்டுப் பேரும் 7.40க்குக் கூடத்தில் இல்லாதவர்கள். கேக் சாப்பிடாதவர்கள். கெட்டுப்போன உணவில் இருக்கும் நச்சு என்றால் சில மணி நேரத்திலேயே வாந்தி வந்திருக்கும், அடுத்த நாள் இரவு வரை காத்திருக்காது. வாந்திக்குப் பிறகு கூடத்தில் இருந்து கேக் சாப்பிட்டவர்களைத்தான் நோய் பிடித்திருக்கிறது. நோரோவைரஸ் பொதுவாக உடலில் புகுந்து 12 முதல் 48 மணி நேரத்தில் வெளிப்படும். கணக்கு சரியாக இருந்தது.

வாட்ஸ்அப்பில் வந்த படம்

திங்கள் மதியம், படுத்துக்கிடந்தபடியே தம்பி குடும்பக் குழுவில் ஒரு படத்தை அனுப்பினான். யாரோ அவனுக்கு அனுப்பியது. ‘ஓ வகை ரத்தம் உள்ளவர்களை வயிற்று வைரஸ் எளிதில் தாக்கும், பி வகைக்காரர்களுக்குப் பாதுகாப்பு உண்டு, விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு’ என்று இருந்தது. அம்மாவுக்கு ஓ வகை. படுத்த படுக்கையாக இருக்கிறார். அப்பாவுக்கு பி வகை. நடமாடிக்கொண்டிருக்கிறார். படத்தில் சொன்னது கண்ணெதிரே நடக்கிறது.

தம்பிக்கும் பி வகைதான், அத்தைக்கும் பி வகைதான். இருவரும் வாந்தி எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனாலும் அதை யாரும் யோசிக்கவில்லை. உடம்பு முடியாமல் கிடக்கும்போது யார் கணக்குப் பார்ப்பார்கள்? வீட்டில் தெம்பாக இருந்த ஒரே ஆள் அப்பா. “எனக்கு பி குரூப்பும்மா, ஒண்ணும் ஆகாது, நீ போய்ப் படு” என்று மருமகளிடம் சொல்லிவிட்டு, அம்மாவின் வாந்தி வாளியை எடுப்பது, படுக்கை விரிப்பை மாற்றுவது, குழந்தையின் அணையாடையை மாற்றுவது எல்லாம் அவர்தான் செய்தார். கையுறை போடவில்லை.

நான் திங்கள் காலை அங்கே போனேன். அம்மாவுக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்தேன், ரத்த அழுத்தம் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் பையிலிருந்த சானிடைசரை எடுத்துக் கையில் தேய்த்துக்கொண்டேன். பழக்கதோஷம். நோரோவைரஸுக்கு வெளியே கொழுப்புறை கிடையாது, அதனால் ஆல்கஹால் அதை அவ்வளவாக அசைக்காது என்பது எனக்குப் பாடத்தில் சொல்லிக்கொடுத்தது. வார்டில் என்றால் சோப்பும் தண்ணீரும்தான் என்று அடுத்தவரைத் திருத்தியிருப்பேன். பெற்ற அம்மா வெளுத்துப்போய்க் கிடப்பதைப் பார்த்தபோது கை அதன் பழக்கத்துக்குப் போய்விட்டது. செவ்வாய் இரவு எனக்கும் ஆரம்பித்தது. எனக்கும் பி வகை.

அம்மாவுக்குச் செவ்வாய் காலையில் எழுந்து நின்றதும் தலை சுற்றியது, சிறுநீர் சரியாகப் போகவில்லை. அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போனோம். ஓர் இரவு தங்கவைத்து நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினார்கள். மலப் பரிசோதனையில் நோரோவைரஸ் இருப்பது உறுதியானது. இரண்டாம் தொகுதி என்று முடிவில் இருந்தது. அதற்குள் எந்த உட்பிரிவு என்று சிகிச்சைக்காகச் செய்யும் சோதனையில் பார்க்க மாட்டார்கள்.

புதன் மாலை அப்பாவுக்கு வந்தது.

அவர் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், ரத்த அழுத்தத்துக்கு லோசார்ட்டான், கால் வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை மூன்றும் எடுப்பவர். உடலில் நீர் வற்றும்போது இந்த மூன்றுமே தொந்தரவு. வாந்தி பேதி கண்ட நாளில் இவற்றை நிறுத்திவைக்கலாமா என்று உடனே மருத்துவரைக் கேட்க வேண்டும். நான் அப்போது என் வீட்டுக் கழிப்பறையைவிட்டு நகர முடியாத நிலையில் இருந்தேன். அவர் வழக்கம்போல மூன்றையும் விழுங்கியிருக்கிறார். வியாழன் காலை மருத்துவமனையில் பார்த்தபோது, சிறுநீரகம் தடுமாறினால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் 188. முன்பு பலதுறை மருந்தகத்தில் எடுத்தபோது 96 இருந்தது. இரண்டு இரவு தங்கினார். அவசரப் பிரிவில் அவர் என்னிடம் ஃபோனில் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: “ஏம்மா, பி குரூப்புக்கு வராதுன்னு சொன்னீங்களே?”

நான் சொல்லவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. குழுவில் அந்தப் படத்தைப் பார்த்தேன், பிறகு விளக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

படத்தில் இருந்த பாதி உண்மை

அந்தப் படம் முழுப் பொய்யாக இருந்திருந்தால் இதை எழுதவே வேண்டியிருக்காது. அதன் வேர் உண்மையான ஆராய்ச்சியில் இருக்கிறது.

1968இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நார்வாக் என்ற ஊரின் ஆரம்பப்பள்ளியில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் கொத்தாக வாந்தி எடுத்தார்கள். அங்கே சேகரித்த மாதிரியிலிருந்து 1972இல் ஆல்பர்ட் கப்பிகியான் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைரஸைக் கண்டுபிடித்தார். அந்த ஊரின் பெயர்தான் சுருங்கி நோரோ ஆனது. பிறகு தன்னார்வலர்களுக்கு அந்த வைரஸைக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். 1977இல் வெளியான ஓர் ஆய்வில் 12 பேர். ஆறு பேர் நோய்ப்பட்டார்கள், ஆறு பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு மூன்று ஆண்டு கழித்து மறுபடி கொடுத்தால், அதே ஆறு பேருக்குத்தான் மறுபடியும் நோய். தப்பித்த ஆறு பேர் இரண்டாம் முறையும் தப்பித்தார்கள். ஒரு முறை வந்தால் எதிர்ப்பு வரும் என்பதுதானே நாம் படித்தது? இங்கே தலைகீழாக இருந்தது. தப்பித்தவர்களிடம் பிறவியிலேயே ஏதோ இருக்கிறது, அல்லது ஏதோ இல்லை, என்ற சந்தேகம் அங்கேதான் பிறந்தது.

2002இல், அந்தத் தன்னார்வலர்களின் ரத்த வகையைப் பார்த்தபோது ஓ வகைக்காரர்கள் அதிகம் தொற்றுக்கு ஆளானதும், பி வகைக்காரர்கள் குறைவாக ஆளானதும் தெரிந்தது. தம்பிக்கு வந்த படத்தின் மூலம் இதுதான். ஆனால் அது நார்வாக் வைரஸ் என்ற ஒரே ஒரு வகைக்கான முடிவு. அது முதல் தொகுதியைச் சேர்ந்தது. எங்கள் அம்மாவின் சோதனையில் வந்ததோ இரண்டாம் தொகுதி. 1990களின் நடுவிலிருந்து பல ஆண்டுகள் உலகமெங்கும் பெரும்பாலான தொற்றுகளுக்குக் காரணமாக இருந்தது அந்த இரண்டாம் தொகுதியின் நான்காம் வகை. அது ஏ, பி, ஓ என்று எந்த எழுத்தையும் பார்ப்பதில்லை, மூன்றிலும் ஒட்டும்.

சரி, ரத்த வகைக்கும் குடலுக்கும் என்ன தொடர்பு? வைரஸ் ரத்தத்தைப் பார்ப்பதே இல்லையே. இதைத்தான் என் தம்பிக்கு மேசையில் சர்க்கரைக் கட்டிகளை அடுக்கிக் காட்டி விளக்கினேன்.

ஏ, பி, ஓ என்பவை சிவப்பணுவின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளின் பெயர்கள். அடிப்படைச் சங்கிலியின் நுனியில் ஃபியூகோஸ் என்ற சர்க்கரையை ஒட்டினால் அது ‘எச்’. ஓ வகைக்காரர்கள் அதோடு நின்றுவிடுகிறார்கள். அதன் மேல் இன்னொரு சர்க்கரையைச் சேர்த்தால் ஏ, வேறொன்றைச் சேர்த்தால் பி. இந்த ‘எச்’சை ஒட்டும் வேலையைச் சிவப்பணுவில் ஒரு மரபணு செய்கிறது. குடலின் உட்சுவரிலும் எச்சிலிலும் அதே வேலையைச் செய்வது இன்னொரு மரபணு, எஃப்.யு.டி.2 என்று பெயர். இரண்டும் தனித்தனி. ஆக, ஒருவருடைய ரத்தத்தில் ‘ஓ’ என்று எழுதியிருந்தாலும், அவர் குடலில் அந்தச் சங்கிலி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். குடலில் இருப்பவர்களை ‘சுரப்பவர்’ என்றும் இல்லாதவர்களை ‘சுரக்காதவர்’ என்றும் சொல்வார்கள், எச்சிலில் அது சுரக்கிறதா என்பதை வைத்து.

நோரோவைரஸ் குடல் சுவரில் பிடித்துக்கொள்ளும் கொக்கி இந்தச் சங்கிலிதான். கொக்கி இல்லையென்றால் பல வகை நோரோவைரஸ்கள் பிடிமானம் இல்லாமல் வழுக்கிப் போய்விடுகின்றன. 2003இல் வெளியான ஆய்வில் நார்வாக் வைரஸைக் குடித்த சுரக்காதவர்கள் ஒருவருக்கும் தொற்றவில்லை. 1977இன் புதிர் அவிழ்ந்தது அப்போதுதான்.

ஐரோப்பிய வம்சாவளியினரில் ஐந்தில் ஒருவர் சுரக்காதவர். எஃப்.யு.டி.2 மரபணுவின் 428வது எழுத்து மாறி, அது உருவாக்கும் நொதி (சங்கிலியை ஒட்டும் புரதம்) பாதியிலேயே நின்றுவிடுவதுதான் காரணம். ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் இதே மாற்றம் பரவலாக உண்டு. சீனர்களிடமும் மற்றக் கிழக்காசியரிடமும் இது மிக அரிது. அவர்களிடம் வேறொரு மாற்றம் இருக்கிறது, அது நொதியை நிறுத்தாமல் வலுவை மட்டும் குறைக்கும். எங்கள் புளோக்கில் ஒரே மின்தூக்கியில் ஏறும் நான்கு பேரின் குடல் சுவரில் இத்தனை கதைகள் இருக்கின்றன என்பது எனக்கு இப்போதும் வியப்பாக இருக்கிறது. இந்தியர்களிடம் இன்னொன்றும் உண்டு. 1952இல் பம்பாயில் கண்டறியப்பட்ட ‘பம்பாய் ரத்த வகை’. அவர்களுக்குச் சிவப்பணுவிலும் குடலிலும் ‘எச்’ சங்கிலியே இருக்காது. சாதாரணச் சோதனையில் ஓ என்று காட்டும், ஆனால் ஓ ரத்தம் ஏற்றினால் ஆபத்து.

என் கணவர்

இனி, நோய்ப்படாத இருவர். சம்பந்தி அம்மாவுக்கு விடை எளிது. வாந்திக்கு முன்பே போனவர், பிறகு அந்த வீட்டுக்குள் வரவே இல்லை. அவருக்கு ஏ வகை, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

என் கணவர் கதை வேறு. வாந்தியை வெறும் கையால் அள்ளியவர். கேக் சாப்பிட்டவர். திங்கள் செவ்வாய் இரண்டு நாளும் எங்கள் மகனுக்கு வாளி பிடித்தவர், பிறகு எனக்கும். அவருக்கு ஓ வகை. படத்தின்படி முதலில் விழுந்திருக்க வேண்டியவர். ஒரு ஏப்பம்கூட இல்லை.

இரண்டு ஆண்டுக்கு முன் அவர் தன் பூர்வீகம் தெரிய வேண்டும் என்று எச்சிலை அனுப்பும் மரபணுச் சோதனை ஒன்றை வாங்கியிருந்தார். அதன் மூலக்கோப்பு கணினியில் கிடந்தது. அதில் எஃப்.யு.டி.2இன் அந்த 428வது எழுத்துக்கான வரியைத் தேடினேன். ஜி இருக்க வேண்டிய இடத்தில், அப்பா வழி அம்மா வழி இரண்டிலும் ஏ. சுரக்காதவர். வீட்டுக்கு வாங்கும் சோதனையை மருத்துவச் சோதனைக்குச் சமமாக வைக்க மாட்டேன். ஆனாலும் நடந்ததோடு அது ஒத்துப்போகிறது. எங்கள் மகனுக்கு அவரிடமிருந்து பழுதான பிரதி ஒன்று கட்டாயம் வந்திருக்கும். என்னிடமிருந்து வந்தது நல்ல பிரதியாக இருந்திருக்க வேண்டும். ஒன்று வேலை செய்தாலே போதும், குடலில் கொக்கி முளைத்துவிடும். அவனும் விழுந்தான்.

இது ஏதோ வரம் என்று நினைத்துவிடக் கூடாது. சுரக்காதவர்களையும் பிடிக்கும் நோரோவைரஸ் வகைகள் உண்டு, இரண்டாம் தொகுதியின் ‘ஸ்னோ மவுன்டன்’ வைரஸ் அப்படிப்பட்டது. சுரக்காதவர்களுக்குக் குரோன் நோய் போன்ற வேறு சில நோய்களின் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கோப்பைக் காட்டியபோது அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: “அப்போ கேக்க வெட்டிக் கொடுத்தது நான்தானே?”

ஆமாம். இந்த நிகழ்வில் நான் கண்டதிலேயே கனமானது இதுதான். வாந்தியின் ஒரு துளியிலேயே ஆயிரக்கணக்கான வைரஸ் துகள்கள் இருக்கலாம். நோய்ப்பட மிகச் சில போதும், ஒரு கணக்கு 18 என்கிறது. அவர் வாந்தியை அள்ளினார், சோப்பு இல்லாமல் கையை அலசினார், ஏழு பேருக்குக் கேக் கொடுத்தார். அந்த ஏழு பேரும் விழுந்தார்கள். காற்றில் தெறித்ததும், அத்தையின் ஈரத்துண்டும் சேர்ந்துதான் இருக்கும். கேக் மட்டுமே காரணம் என்று என்னால் பிரித்துக் காட்ட முடியாது. ஆனால் அவருடைய குடல் சுவர் வைரஸை உள்ளே விடாது என்பதால், அவருடைய விரல் நுனியும் விடாது என்று ஆகிவிடாது. அப்பாவின் விஷயத்தில் ரத்த வகை அவரைக் காக்கும் என்று தப்பாக நம்பினோம். கணவர் விஷயத்தில் உண்மையிலேயே காப்பு இருந்தது, அவருக்கு மட்டும்.

அவரிடம் நான் சொன்னது: “அந்த நேரத்துல வேற யாரும் கை வைக்க முன்வரல, நீங்கதான் வச்சீங்க.” அதுவும் உண்மை.

செய்திருக்க வேண்டியது

நீளமாகச் சொல்லப்போவதில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு, பிள்ளைகளை அறைக்குள் அனுப்பியிருக்க வேண்டும். கையுறையும் முகக்கவசமும் போட்டு, டிஷ்யூவால் மூடி அள்ளி, பையில் கட்டிப் போட்டிருக்க வேண்டும். பிறகு ஒரு பங்கு பிளீச்சுக்கு 49 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டுத் துடைத்திருக்க வேண்டும். வாசனைத் தரைத் திரவம் இதற்கு உதவாது. விரிப்பைச் சுடுநீரில் துவைக்க வேண்டும். கைக்கு சோப்பும் ஓடும் தண்ணீரும், விரலிடுக்கு வரை. வாந்தியும் போக்கும் நின்று 48 மணி நேரம் ஆகும்வரை அடுத்தவருக்குச் சமைக்கக் கூடாது, பாலர் பள்ளிக்கும் அனுப்பக் கூடாது. நின்ற பிறகும் மலத்தில் கிருமி இரண்டு வாரம் வரை, சிலருக்கு அதற்கு மேலும், வந்துகொண்டிருக்கும். வீட்டில் ஒருவருக்கு வந்தால், நோயாளியைப் பார்த்துக்கொள்ள வயதானவரை விடாமல் இருந்திருக்க வேண்டும், அவருக்கு எந்த ரத்த வகையாக இருந்தாலும்.

அப்பாவுக்கு மருத்துவமனையில் மாத்திரைகளை நிறுத்தி, திரவம் ஏற்றி, சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். எந்த மாத்திரையை எப்போது மறுபடி தொடங்குவது என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆறு வாரம் கழித்து கிரியாட்டினின் 101. கொஞ்சம் இளைத்திருக்கிறார். எங்கள் அம்மா அவருக்கு மிளகு ரசமும் குழைந்த சோறுமாகக் கொடுத்துத் தேற்றினார்.

தம்பி குழுவிலிருந்து அந்தப் படத்தை அவனே நீக்கிவிட்டான். அதை அவனுக்கு அனுப்பியவருக்கு ஃபோன் போட்டு அரை மணி நேரம் பேசினான் என்று அவன் மனைவி சொன்னார். பிளீச் போத்தலும் கையுறைப் பெட்டியும் இப்போது அவர்கள் வீட்டுத் தொட்டிக்குக் கீழே இருக்கின்றன. ஒரு காலி லிட்டர் போத்தலில் 20 மில்லிக்கு என் மகன் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறான், அதுவரை பிளீச், மீதி தண்ணீர். டிசம்பரில் அந்தப் பையனுக்கு மறுபடி வாந்தி வந்தது. இம்முறை என்ன கிருமியோ, யாரும் சோதிக்கவில்லை. என் கணவர்தான் எழுந்து போனார், கையுறையோடு. முடித்துவிட்டு சோப்பு போட்டுக் கழுவியதும், மேசையிலிருந்த முறுக்குத் தட்டைத் தொடாமல், “நீயே எடுத்துக் குடுத்துடு” என்று என்னிடம் சொன்னார்.